மாதா புடவைக்கு லைசன்ஸ்

பாலக்கரை லூர்துராணியைப் பற்றி ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நல்ல சாமான் எதையும் அவள் லேசில் வெளியே எடுக்க மாட்டாள். புதுக் குடை வாங்கினால் மழையில் நனைந்து வீணாகிவிடும் என்று பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, கம்பி முறிந்த பழைய குடையோடு காந்தி மார்க்கெட்டுக்குப் போய்த் தெப்பமாக நனைந்து வருகிற பிறவி. சோபாவோடு வந்த பிளாஸ்டிக் உறையை இன்றுவரை கழற்றவில்லை. சித்திரை வெயிலில் அதில் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு முதுகில் சட்டை ஒட்டிக்கொள்ளும். "நல்லவேளை, கல்யாணத்தன்னிக்கு எனக்கு யாரும் கவர் போட்டுக் கொடுக்கல. கொடுத்திருந்தா இன்னமும் பிரிச்சிருக்க மாட்டா" என்பான் அவள் புருஷன் இருதயநாதன். வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவான். அவளும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோல முறைப்பாள்.

வீட்டின் கீழ்த்தளத்தில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி கடை. நாலு ஊசித் தலைகள் வரிசையாக நிற்கிற மெஷின் ஒன்று, கம்ப்யூட்டர் இரண்டு, சுவர் முழுக்க நூல் உருளைகள். காலையில் மெஷினை ஓட்டிவிட்டால் வீடே லேசாக அதிரும். மாடியில் வைத்த தம்ளர் தண்ணீர் தளதளக்கும். அந்தச் சத்தம் நின்றால்தான் லூர்துராணிக்குத் தூக்கம் கெடும், ஏனென்றால் சத்தம் நின்றால் நூல் அறுந்தது என்று அர்த்தம், இல்லையென்றால் கரண்ட் போனது என்று அர்த்தம். மெஷின் இருதயநாதன் பொறுப்பு. அறுந்த நூலைக் கோர்ப்பது, அடிநூல் மாற்றுவது, துணியைச் சட்டத்தில் சுருக்கம் விழாமல் இழுத்துப் பூட்டுவது எல்லாம் அவன். ஊசி எங்கே இறங்க வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்று கம்ப்யூட்டரில் ஒவ்வொரு தையலாக வரைகிற வேலைக்குத் தொழிலில் பஞ்சிங் என்று பேர். அதைச் செய்கிறவள் வேணி. ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து வருவாள். பாலத்தில் நெரிசல் என்று தினமும் ஒரே காரணத்தைச் சொல்லித் தினமும் தாமதமாக வருவாள். கை மட்டும் பொன்னான கை.

வேணியின் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து லூர்துராணியும் பஞ்சிங் கற்றுக்கொண்டாள். மயில், யானை, கோபுரம் எதுவும் அவளுக்கு வராது. பூ வரும். பூ மட்டும் அப்படி வரும். இரண்டாவது கம்ப்யூட்டர் அவளுக்கு. கல்யாண ஜாக்கெட்டுக்கு ரோஜா, ஸ்ரீரங்கத்து வீடுகளில் பெருமாள் படத்துக்குச் சாத்துகிற சின்ன வஸ்திரத்துக்குத் தாமரை. இதெல்லாம் பிழைப்பு. வருஷத்துக்கு ஒரு தடவை, தெருமுனையில் குகை மாதிரி கட்டிய கெபியில் இருக்கிற மாதாவுக்குத் திருநாள் புடவை. அது அவள் நேர்ச்சை. மகள் பிரான்சி பிறந்து பிழைப்பாளா மாட்டாளா என்று கிடந்தபோது வேண்டிக்கொண்டது. பிரான்சி இப்போது கே.கே. நகரில் புருஷன் வீட்டில் நன்றாக இருக்கிறாள், அம்மாவைப் போனில் அதட்டுகிற அளவுக்கு நன்றாக இருக்கிறாள். முதலில் கையாலேயே பூப் போட்டுக்கொண்டிருந்தவள், கடை வந்த பிறகு மெஷினில் போட ஆரம்பித்தாள். அதிலிருந்து புடவை சும்மா ஜொலித்தது. செப்டம்பர் எட்டாம் தேதி சப்பரம் பாலக்கரை வீதிகளைச் சுற்றி வரும்போது, பெண்கள் மாதாவைக் கும்பிட்டுவிட்டு அடுத்த நொடி முந்தானையைத்தான் பார்ப்பார்கள்.

எல்லாம் சரி. அந்த பஞ்சிங் சாஃப்ட்வேர்தான் திருட்டு.

திருட்டு என்று யாரும் அப்போது நினைக்கவில்லை. கடை ஆரம்பித்த காலத்தில் ஒருத்தன் பென்டிரைவோடு வந்தான். போட்டுக் கொடுத்தான், கூலி வாங்கிக்கொண்டான். போகும்போது இரண்டு பத்தியம் சொன்னான். "இந்தக் கம்ப்யூட்டருக்கு நெட் கொடுக்கக் கூடாது. வருஷம் இதுதான், மாத்தக் கூடாது. மாத்தினா செத்துப்போயிடும்." அன்றிலிருந்து அந்தக் கடைக்குள் வருஷம் மாறவில்லை. வெளியே கொரோனா வந்து போயிற்று, பிரான்சிக்குக் கல்யாணம் ஆயிற்று. கடைக் கம்ப்யூட்டர்களில் மட்டும் இரண்டாயிரத்துப் பதினைந்து. டிசம்பர் வந்தால் வேணி மறுபடி ஜனவரிக்குத் திருப்பி வைப்பாள். பில்லில் அச்சாகிற பழைய வருஷத்தைப் பேனாவால் அடித்து லூர்துராணி புதுசு எழுதிக் கொடுப்பாள். வாடிக்கைக்காரர்களுக்கும் பழகிவிட்டது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கோயம்புத்தூரில் ஒரு மெஷின் கண்காட்சி. பிரான்சி நச்சரித்து அப்பாவையும் அம்மாவையும் அனுப்பிவைத்தாள். "ஒரிஜினல் வாங்கும்மா. ஒருநாள் மாட்டிக்கிட்டா மானம் போயிடும்." நகைச்சீட்டு முதிர்ந்த பணம் கையில் இருந்தது. வாங்கிவிட்டார்கள். விற்ற பையன், ஹரிஹரசுதன் என்று பேர், ஸ்ரீரங்கத்துக்காரன்தான், கட்டைவிரல் அளவுக்கு ஒரு சாவி கொடுத்தான். கம்ப்யூட்டரின் பின்னால் அதைச் சொருகினால்தான் சாஃப்ட்வேர் ஓடும். "தொலைஞ்சா மறுபடி முழுக் காசு கட்டணும்மா. நகை மாதிரி பத்திரமா வெச்சுக்குங்க" என்றான்.

இதை லூர்துராணியிடமா சொல்வான்!

ஊருக்கு வந்ததும் பங்குச் சாமியாரிடம் கொண்டுபோய் மந்திரித்து வாங்கினாள். பெட்டியோடு, ஒட்டுத்தாள் கிழியாமல், கடைச் சுவரில் இருக்கிற மாதா சுரூபத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தாள். வேணி கேட்டுக் கேட்டு ஓய்ந்தாள்.

"அக்கா, போட்டுடலாமாக்கா?"

"இரு இரு. இங்க பஞ்சு பறக்குது, கரண்டு போய்ப் போய் வருது. புடுங்கிப் புடுங்கிச் சொருகினா தேஞ்சுபோயிடாது? நல்ல நாளாப் பாத்துப் போடலாம்."

நல்ல நாள் வரவேயில்லை.

இந்த ஆகஸ்டில் திருநாளுக்குக் கொடி ஏற்றிய அன்று போன் வந்தது. தஞ்சாவூர் ரோட்டில் காவி கட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்கள் சாரிசாரியாகப் போகிற நாட்கள். அவர்களுக்கு மோர் கொடுத்துவிட்டு அப்போதுதான் உள்ளே வந்திருந்தாள் லூர்துராணி.

"அம்மா, நான் ஹரிஹரசுதன் பேசறேன். உங்க கடை கம்ப்யூட்டர்ல லைசன்ஸ் இல்லாத காப்பி ஓடுதுன்னு கம்பெனிக்குத் தகவல் போயிருக்கு. ஆடிட் பண்ணச் சொல்லி என்னை அனுப்பறாங்க. நாளன்னிக்குக் காலையில வரேன்."

"என்ன தம்பி இது, உங்ககிட்டயே வாங்கினோமே!"

"அதுதாம்மா எனக்கும் புரியல. வந்து பாத்துட்டுச் சொல்றேன். சரியா இல்லைன்னா விஷயம் வக்கீல்கிட்ட போயிடும். கோர்ட் ஆர்டரோட வந்து கம்ப்யூட்டரைத் தூக்கிட்டுப் போவாங்க. முன்கூட்டியே சொல்லிடறேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் வேணி நாற்காலியை விட்டு எழுந்து நின்றாள்.

"அக்கா, நான்தான்க்கா. ஜாக்கெட் படம் ஒண்ணு வாட்ஸப்புல வந்துச்சு. போன்லேருந்து இதுல ஏத்தற ஒயரு வேலை செய்யல. நெட்டைக் கொடுத்தேன். தேதி தப்பா இருந்தா வாட்ஸப் தொறக்க மாட்டேங்குது. ஒரே நிமிஷம் தேதியைச் சரி பண்ணிட்டு மறுபடி மாத்தி வெச்சுட்டேன். அந்த ஒரு நிமிஷத்துல அதுவே கம்பெனிக்குச் சொல்லிடுச்சு போல..."

"பத்தியம் ரெண்டையும் ஒரே நாள்ல முறிச்சிட்டியா? சேசு மரி சூசையே!"

"அதை ஏன் திட்டறே?" என்றான் இருதயநாதன், மெஷினை நிறுத்திவிட்டு. "இந்தக் கடையில சரியான தேதி வெச்ச ஒரே ஆளு அதுதான்."

 டீ வந்து ஆறிப்போயிற்று. வேணிதான் மெல்ல ஆரம்பித்தாள். "அக்கா, ஒண்ணு பண்ணலாம். இப்பவே பழசை அழிச்சிட்டுப் புதுசைப் போட்டுடறேன். முதல்லேருந்தே இதுலதான் வேலை பாக்கறோம்னு சொல்லிடுவோம்."

"நம்புவானா?"

"சாவி கையில இருக்கேக்கா."

லூர்துராணிக்கு யோசனை பிடித்திருந்தது. வாய் மட்டும் நியாயம் பேசியது. "நான் என்ன திருடினேனா? காசு கொடுத்து வாங்கியிருக்கேன். வாங்கி மாதா காலடியிலதானே வெச்சிருக்கேன்?"

இருதயநாதன் எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "நல்ல கணக்கு லூர்து. காசு கொடுத்து வாங்கினதை மாதாகிட்ட பூட்டிவெச்சுட்டே. திருட்டுல வரைஞ்சதை மாதாவுக்கே கட்டிவிட்டே."

அவன் எப்போதும் போலக் கேலியாகத்தான் சொன்னான். ஆனால் அவள் முறைக்கவில்லை. கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தாள். மாதா எப்போதும் போலக் கொஞ்சம் தலை சாய்த்து நின்றாள்.  கம்ப்யூட்டர் போனால் போகட்டும், வக்கீல் வந்தால் வரட்டும். பிள்ளையைக் கொடுத்தவளுக்கு இத்தனை வருஷமும் திருட்டுப் புடவையா கட்டிவிட்டோம்? ஊரே பார்க்க, சப்பரத்தில் ஏற்றி!

"என்னங்க இப்படிச் சொல்லிட்டீங்க" என்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏய், சும்மா வெளாட்டுக்குச் சொன்னேன்."

"இல்ல. நீங்க சொன்னது சரிதான்."

வேணி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அப்ப எங்க பெருமாள் வஸ்திரமும் அதே கேஸ்தானாக்கா?"

"அதேதான்டி. எல்லாருமா மாட்டிக்கிட்டோம்."

சொன்னபடி ஹரிஹரசுதன் வந்தான். வானம் மூடிக்கொண்டு தூறிய காலை. மழைக்கோட்டைக் கழற்றி வாசலில் தொங்கவிட்டுவிட்டு உள்ளே வந்தவன் உட்காருவதற்குள் லூர்துராணி கொட்டிவிட்டாள். வேணி கண்ணைக் காட்டியதெல்லாம் வீண்.

"தம்பி, ரெண்டு கம்ப்யூட்டர்லயும் ஓடறது திருட்டுதான். ஒரிஜினலை நாங்க இன்னும் தொடவே இல்ல. அதோ இருக்கு பாருங்க."

கண்ணாடிப் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒட்டுத்தாள் கிழியவில்லை. ஒரு மூலையில் மெழுகு சொட்டி உறைந்திருந்தது.

"ஏம்மா, இந்த வேலைக்கு வந்ததிலேருந்து, வாங்காமலே வாங்கிட்டேன்னு பொய் சொன்னவங்களைத்தான் பாத்திருக்கேன். வாங்கிட்டுத் திருட்டுல ஓட்டினவங்களை இப்பதாம்மா பாக்கறேன்!"

"நீங்கதானே தம்பி சொன்னீங்க, நகை மாதிரி வெச்சுக்கணும்னு?"

"நகைன்னா போட்டுக்க மாட்டீங்களா?"

"போட மாட்டா சார்" என்றான் இருதயநாதன். "பேங்க் லாக்கர்ல இருக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வருவா."

அந்தப் பையன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். சிரித்து முடித்ததும் அவன் முகம் மாறிவிட்டது. "ஆனா ரிப்போர்ட்ல நான் இதை எப்படிம்மா எழுதுவேன்? லைசன்ஸ் இருந்தாலும் திருட்டுக் காப்பி ஓடியிருக்கு. அது தப்புதானே?"

"தப்புதான் தம்பி" என்றாள் லூர்துராணி. "உள்ளதை உள்ளபடி எழுதுங்க."

ஆபீசில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். மெஷின் நின்றிருந்தது. தெருவில் மழைத் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது.  வெளியே அவன் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவது தெரிந்தது, என்ன பேசுகிறான் என்று தெரியவில்லை. வேணி பெருமாளைக் கூப்பிட்டாளோ என்னவோ, உதடு அசைந்துகொண்டிருந்தது. இருதயநாதன் சும்மா இருக்க முடியாமல் காலி அடிநூல் கட்டைகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டான்.

ஹரிஹரசுதன் உள்ளே வந்தான். "ஒரு வழியா ஒத்துக்கிட்டாங்க. என் கண்ணு முன்னாடியே ரெண்டுலயும் பழசை அழிக்கணும். இதை இன்னிக்கே போட்டுப் பதிவு பண்ணணும். அப்படின்னா ஃபைலை மூடிடலாம்னுட்டாங்க. ஆனா ஒண்ணு, ஒரு சாவிக்கு ஒரு கம்ப்யூட்டர்தான். இன்னொண்ணுல வேலை பாக்க முடியாது."

"அதுல பாட்டாவது கேக்கலாமா தம்பி?" என்றாள் லூர்துராணி.

"தாராளமா கேளுங்க."

"ஆண்டவரே, ஒனக்குக் கோடி நன்றி!" என்று லூர்துராணி கையெடுத்துக் கும்பிட்டது ஆண்டவரையா அந்தப் பையனையா என்று சொல்ல முடியாது. இருவருக்கும் நடுவில் பார்த்துக் கும்பிட்டாள்.

"இன்னொரு சங்கடமும் இருக்கும்மா. திருட்டுக் காப்பில சேவ் பண்ணின டிசைனை இது தொறக்காது. எல்லாம் புதுசா வரையணும். மெஷின்ல ஏற்கெனவே ஏத்தினது மட்டும் ஓடும். அதை யாரும் கேக்க மாட்டாங்க."

இத்தனை வருஷத்து ரோஜா, தாமரை, மயில் எல்லாம் போயிற்று. வேணி உதட்டைக் கடித்துக்கொண்டாள். லூர்துராணிதான், "அழிடி" என்றாள். அழிக்கும்போது மட்டும் எழுந்துபோய்ச் சாம்பாரைக் கிளறிவிட்டு வந்தாள்.

புதிதைப் போட்டான். சாவி சொருகியதும் அதில் பச்சை விளக்கு ஒன்று எரிந்தது. வேணி தேதியை இன்றைய தேதிக்கு மாற்றினாள். ஒன்றும் செத்துப்போகவில்லை. ஒரு பூவைப் போட்டுப் பார்த்தாள். பழசு நிமிஷத்துக்கு ஒரு தடவை உறைந்து நின்றுவிடும், இல்லையென்றால் கடைசி நிறத்தை விழுங்கிவிடும். இது தண்ணீர் மாதிரி ஓடியது. "அக்கா, இதை வெச்சுக்கிட்டா அந்தச் சனியனோட மல்லுக்கட்டினோம்?" என்று கத்தியேவிட்டாள்.

மத்தியானம் பையனைச் சாப்பிடாமல் விடவில்லை. கத்திரிக்காய் சாம்பார், வாழைக்காய் பொரியல், அப்பளம்.

"நவநாள் தம்பி, திருநாள் வரைக்கும் கவுச்சி கெடையாது."

"அடடா, கிறிஸ்டியன் வீடு, மீன் கொழம்பு இருக்கும்னு நெனைச்சு டிபனைக்கூட கொறைச்சுக்கிட்டு வந்தேம்மா."

"ஒம்பதாம் தேதி வாங்க. வௌவால் மீன் வாங்கிச் செஞ்சு போடறேன்."

"ஆடிட்டுன்னு சொல்லி வந்துடறேன்" என்றான். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, மழைக்கோட்டை உதறிப் போட்டுக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்குக் கிளம்பிப் போனான்.

அவன் போனதும் இருதயநாதன் மாதாவின் நீலப் புடவையைச் சட்டத்தில் இழுத்துப் பூட்டினான். திருநாளுக்கு ஒரு வாரம்தான். இந்த வருஷத்து டிசைன் முந்தின வாரமே மெஷினில் ஏறியிருந்தது. உடம்பு முழுக்க லீலிக் கொத்து, முந்தானையில் ரோஜாத் தோட்டம். ஆடி மாசம் பூராவும் உட்கார்ந்து வரைந்தது. பொத்தானை அழுத்தப் போனவன் கையை லூர்துராணி பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்க."

"ஏன்? அந்தத் தம்பியே சொல்லிட்டான், இது கணக்குல வராதுன்னு."

"அவங்க கணக்குல வராது. மாதா கணக்குல வரும்."

"லூர்து, ஒரு வாரத்துல அவ்வளவு பூவும் மறுபடி வரைய முடியுமா? வேணி கல்யாண ஜாக்கெட்டு வேற பாக்கணும். சாவி ஒண்ணுதான் இருக்கு."

"வரைஞ்ச வரைக்கும் போடுவோம்."

"அப்ப சனங்களோட ஜாக்கெட்டு? அதெல்லாம் பழைய டிசைன்தானே மெஷின்ல ஓடப்போவுது?"

அவள் கொஞ்சம் திணறினாள். "சனங்களுக்கு மெதுவா மாத்திக்கலாங்க. மொதல்ல மாதாவுக்கு."

"பெருமாளுக்கும்" என்றாள் வேணி.

"சரி, பெருமாளுக்கும்."

நியாயம் முழு நியாயம் இல்லைதான். இருதயநாதனுக்கு அது தெரியும். இந்த ஒருமுறை அவன் கேலி பேசவில்லை. சட்டத்தைக் கழற்றிப் புடவையை மடித்து அவள் கையில் கொடுத்தான்.

அந்த வாரம் வீட்டில் ரசம், அப்பளம்தான். வேணி டீ குடிக்க எழுந்தால் லூர்துராணி நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள். வேணி பஸ்ஸுக்குக் கிளம்பினால் மறுபடி உட்காருவாள். காவிரியில் தண்ணீர் ததும்பப் போகிறது, பாலத்தில் நின்று எல்லோரும் பார்க்கிறார்கள் என்று பிரான்சி போன் செய்தபோது, "எனக்கு இங்க லீலிக்குக் காம்பு வரல, காவிரியாவது ஒண்ணாவது" என்று வைத்துவிட்டாள். புது சாஃப்ட்வேரில் எல்லாம் இடம் மாறியிருந்தது. ஓர் இதழ் போட்டாள், அழித்தாள், மறுபடி போட்டாள். முன்பெல்லாம் ஒரு பூவைப் போட்டு அதையே நகலெடுத்து நிரப்பிவிடுவாள். இந்தத் தடவை ஒவ்வொரு லீலியையும் தனித்தனியாக வரைந்தாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. செய்யச் செய்ய மனசு லேசாயிற்று. யார் வந்து எட்டிப் பார்ப்பார்களோ என்று கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்த்த கடையில், தெருப்பக்கக் கதவை விரியத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிர்க்காற்று வந்தது. இவ்வளவு காற்று வருகிற கடை என்று அவளுக்கு இத்தனை நாள் தெரியாது.

கடைசியில் ஓரத்துக்கு ஒரு வரிசை லீலியும் முந்தானைக்கு ஒரு கொத்தும்தான் முடிந்தது. உடம்பெல்லாம் வெறும் நீலம். மெஷின் அதை முடிக்க அரை நாள்கூட எடுக்கவில்லை.

எட்டாம் தேதி சாயங்காலம் மழை விட்டிருந்தது. சப்பரம் கெபியிலிருந்து கிளம்பியது. பேண்டு வாத்தியம், வெடி, மெழுகுவர்த்தி பிடித்த பெண்கள். விளக்கு வெளிச்சத்தில் மாதா அந்த நீலப் புடவையில் நின்றாள். பக்கத்தில் வந்த செல்வமேரி, மூன்றாவது வீட்டுக்காரி, கும்பிட்டு முடித்த கையோடு முந்தானையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு லூர்துராணியின் தோளை இடித்தாள்.

"என்ன லூர்து, இந்த வருஷம் வேலை ரொம்பக் கம்மியா இருக்கு? வியாபாரம் சரியில்லையா? மாதாவுக்குப் போய்க் கஞ்சத்தனம் பண்ணலாமா?"

வேறு வருஷமாக இருந்தால் அந்த இடத்திலேயே ஒரு சண்டை நடந்திருக்கும். லூர்துராணி சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பு. செல்வமேரிக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஆமாக்கா, கம்மிதான்" என்றாள் லூர்துராணி. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, கூட்டத்தை விலக்கிச் சப்பரத்தின் பக்கத்தில் போய் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"கொறையா நெனைச்சுக்காதே தாயி. இந்த வருஷம் கொஞ்சம்தான். ஆனா வேணும்னா பில்லு காட்டறேன்."